எல்.ஈ.டி சிக்னல் பல்ப் போட்டால் பொலிஸ் பிடிக்குமா?

கிளிநொச்சியிலும் சரி, மாங்குளம், முல்லைத்தீவுப் பக்கமும் சரி, உதிரிப்பாகக் கடைக்குப் போனால் கண்ணாடிப் பெட்டிக்குள் முதலில் கண்ணில் படுவது எல்.ஈ.டி பல்புகள்தான். எரிந்துபோன ஒரு சிக்னல் பல்புக்குப் பதில் ஒன்று வாங்கப் போனவர், "இதைப் போட்டுப் பாருங்கோ அண்ணை, வெளிச்சம் நல்லா வரும், பற்றரியும் இழுக்காது" என்று கடைத் தம்பி சொன்னதும் நாலையும் மாற்றிக்கொண்டு வந்துவிடுகிறார். பிறகுதான் பயம் வருகிறது. வீதியில் மறித்தால் என்ன சொல்வது, இது சட்டவிரோதமா, தண்டம் எழுதுவார்களா? அண்மைக் காலத்தில் இந்தக் கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள், அதனால் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பயத்துக்குக் காரணம் உண்டு. 2025 ஜனவரியில் நாடு முழுவதும் பொலிஸார் வாகனங்களில் அனுமதியில்லாமல் பூட்டிய மேலதிகப் பாகங்களைத் தேடிச் சோதனை செய்தார்கள். கலர் லைட், கண்ணைப் பறிக்கும் மின்னல் லைட், காதைக் கிழிக்கும் ஹோர்ன், மாற்றிய சைலன்சர் எல்லாம் அதில் அகப்பட்டன. அந்த நேரம் பரவிய கதைகளில் எது உண்மை, எது பயத்தில் சொன்னது என்று பிரிக்கவே முடியவில்லை, எல்.ஈ.டி என்றாலே குற்றம் என்றுகூடச் சிலர் நம்பிவிட்டார்கள்.

நேரடியாகச் சொன்னால், எல்.ஈ.டி என்ற பொருள் குற்றமில்லை. கம்பனியிலிருந்தே எல்.ஈ.டி சிக்னலோடு வந்த கார்களும் மோட்டார் சைக்கிள்களும் முறைப்படி பதிவாகி நம்முடைய றோட்டில் தினமும் ஓடுகின்றன. சிக்கல் எங்கே வருகிறது என்றால், சாதாரண பல்புக்கென்று செய்த கூட்டுக்குள் நாங்கள் வேறொன்றைச் சொருகி, அதனால் நிறம் மாறினாலோ, துடிக்கும் வேகம் மாறினாலோ, பின்னால் வருகிறவருக்குத் தெரியாமல் போனாலோதான். இலங்கையில் இதற்கெல்லாம் அடிப்படை 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன் கீழ் வந்த ஒழுங்குவிதிகளும். வாகனத்தைப் பதிவு செய்வது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம், வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்தைப் பிரதேச செயலகத்தில் எடுக்கிறோம், வீதியில் மறித்துப் பார்ப்பது பொலிஸ். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் பாதித் தெளிவு வந்துவிடும்.

முக்கியமான ஒன்று: காரோ மோட்டார் சைக்கிளோ வைத்திருப்பவர் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் போகும்போது காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கேட்பார்கள். புகைப் பரிசோதனை என்பது பெயரிலேயே இருக்கிறது, அவர்கள் பார்ப்பது புகையை. சிக்னல் என்ன நிறத்தில் எரிகிறது என்பது அங்கே கேள்வியே இல்லை. "நான் போன மாதம்தான் டெஸ்ட் பாஸ் பண்ணினேன்" என்று பொலிஸிடம் சொல்வதில் அர்த்தமில்லை, அந்த டெஸ்டுக்கும் லைட்டுக்கும் தொடர்பில்லை. லொறி, பஸ் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை வேறு, அவர்கள் தகுதிச் சான்றிதழ் எடுக்க வேண்டும், அதில் லைட்டும் பார்க்கப்படும்.

சரி, நிறத்துக்கு வருவோம். திரும்பும் சிக்னல் செம்மஞ்சள். முன்னுக்கு வெள்ளை, பின்னுக்குச் சிவப்பு, திரும்புவதற்குச் செம்மஞ்சள் என்ற பிரிப்பு உலகின் பெரும்பாலான நாடுகளில் ஓட்டுநர்களின் கண்ணுக்குப் பழகிய மொழி, ஐக்கிய நாடுகளின் வாகன ஒழுங்குவிதிகளில் 6ஆம் இலக்கம் திரும்பும் விளக்குக்கே உரியது, அது கேட்பதும் செம்மஞ்சளைத்தான். நீலமும் சிவப்பும் மாறி மாறி மின்னுவது அம்புலன்ஸ், பொலிஸ் போன்ற அவசர சேவைக்குரியது, சிக்னல் கூட்டுக்குள் நீலம் போட்டால் அதற்கு எந்த நியாயமும் சொல்ல முடியாது.

ஆனால் நிறத்தில் பெரும்பாலானோர் தவறுவது நீலத்தில் இல்லை, வெள்ளையில். கண்ணாடி ஏற்கனவே செம்மஞ்சள்தானே, உள்ளே வெள்ளை எல்.ஈ.டி போட்டால் என்ன, வெளியே செம்மஞ்சளாகத்தானே வரும் என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சாதாரண பல்பின் ஒளியில் மஞ்சளும் சிவப்பும் தாராளமாக இருக்கும், செம்மஞ்சள் கண்ணாடி அதை அப்படியே வெளியே விடும். வெள்ளை எல்.ஈ.டியின் ஒளியில் நீலப் பங்கு கூட, அந்தக் கண்ணாடி நீலத்தைத்தான் தடுக்கும், அதனால் வெளியே வருவது வெளிறிப்போன, மெலிந்த ஒரு மஞ்சள்.

எனக்கு இது புரிந்தது முறிகண்டியில். ஏ9இல் போகிற எல்லாரையும் போலப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போகலாம் என்று வேகத்தைக் குறைத்துச் சிக்னல் போட்டுத் திரும்பினேன். பின்னேரம் நாலு மணி, வெயில் நேராகப் பின் லைட்டில் அடிக்கிறது. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் பிரேக் அடித்து, கால் ஊன்றி, எனக்கு அரை அடி தள்ளி நின்றார். இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டபோது அவர் கோபமாகச் சொன்னது ஒன்றுதான், "சிக்னல் போடாமல் திரும்பாதேங்கோ." நான் போட்டிருந்தேன். கச்சான் விற்கும் அம்மா ஒருவர் நின்ற இடத்திலிருந்து திரும்பிப் பார்த்தேன், என்னுடைய லைட் துடித்துக்கொண்டுதான் இருந்தது, வெயிலில் எரிகிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு. அன்றைக்கே கழற்றினேன். செம்மஞ்சள் கண்ணாடிக்குள் செம்மஞ்சள் எல்.ஈ.டியே போட வேண்டும், வெள்ளைக் கண்ணாடி என்றால் அது இன்னும் கட்டாயம்.

அடுத்தது, உங்கள் வாகனத்தின் லைட்டையே ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஈரத்துணியால் புழுதியைத் துடைத்துவிட்டுக் கண்ணாடியின் ஓரத்தைப் பார்த்தால் சிறிய எழுத்துகள் அச்சாகியிருக்கும். பல வாகனங்களில் ஒரு வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும், அந்த எண் அங்கீகாரம் கொடுத்த நாட்டைக் குறிக்கும், 43 என்றால் ஜப்பான், 4 என்றால் நெதர்லாந்து. பக்கத்தில் 2ஏ என்று இருந்தால் அது பின்பக்கத் திரும்பும் விளக்கு. இந்த முத்திரை சொல்வது, இந்தக் கூடு இந்த வகை பல்போடு சேர்த்துச் சோதிக்கப்பட்டது என்பதை. சாதாரண பல்பில் ஒளி வருவது ஒரு சின்னக் கம்பிச் சுருளிலிருந்து, அந்தச் சுருள் நிற்கும் இடத்தை வைத்துத்தான் பின்னால் உள்ள பளபளப்பான கிண்ணத்தை வடிவமைத்திருக்கிறார்கள். கடையில் வாங்கும் எல்.ஈ.டியில் தண்டைச் சுற்றிப் பல சிறு புள்ளிகள், ஒளி வேறு வேறு இடத்திலிருந்து கிளம்புகிறது, கிண்ணம் அதைச் சரியாகச் சிதறவிடாது. அதனால் நேர் பின்னால் நின்று பார்த்தால் கண் கூசும், பக்கவாட்டில் நின்றால் இருட்டு. ஐ.நா. ஒழுங்குவிதியைப் பின்பற்றும் நாடுகளில் இப்படிப் பல்பை மாற்றினால் பொதுவாக அந்த விளக்கின் அங்கீகாரமே செல்லாது. என்னுடைய அபிப்பிராயம், முழு விளக்குக் கூட்டோடு வரும், முத்திரையுள்ள எல்.ஈ.டி கிடைத்தால் காசு கூடினாலும் அதையே வாங்குங்கள், கிடைக்காவிட்டால் நல்ல சாதாரண பல்பு போதும்.

இனி அந்த வேகமான "டிக் டிக் டிக்". மாற்றிய பலரும் முதலில் குழம்புவது இதில். காரின் சாதாரண சிக்னல் பல்பு 21 வாட், 12 வோல்ட்டில் கணக்குப் பார்த்தால் ஒன்றே முக்கால் அம்பியர் இழுக்கும். எல்.ஈ.டி இழுப்பது அதில் ஒரு சிறு பங்கு. மின்சாரம் குறைந்தவுடன், சிக்னலைத் துடிக்கவைக்கும் பிளாஷர் ரிலே ஒரு பல்பு எரிந்துவிட்டது என்று முடிவு செய்து இரண்டு மடங்கு வேகத்தில் துடிக்கத் தொடங்கும். சர்வதேச ஒழுங்குவிதி சொல்லும் வேகம் நிமிடத்துக்கு 60 முதல் 120 வரை. போனில் 15 செக்கன் வைத்து எண்ணுங்கள், 15க்கும் 30க்கும் இடையில் வந்தால் சரி, 30ஐத் தாண்டினால் அதைத் திருத்தாமல் றோட்டில் இறங்க வேண்டாம்.

திருத்த இரண்டு வழி. ஒன்று எல்.ஈ.டிக்கென்று வரும் ரிலேயை மாற்றுவது. பழைய ரிலேயில் எத்தனை கால், எந்தக் கால் பற்றரிக்கு, எந்தக் கால் லைட்டுக்கு என்று பார்த்து வாங்க வேண்டும், இரண்டு காலுள்ள இடத்துக்கு வரும் எல்.ஈ.டி ரிலேயில் பெரும்பாலும் ஒரு தனி வயர் தொங்கும், அதை ஏர்த்தில் பிடிக்காவிட்டால் வேலை செய்யாது. புதிய ஜப்பான் கார்கள் பலவற்றில் தனி ரிலேயே இல்லை, கம்பியூட்டர் பெட்டிக்குள் இருக்கிறது, அங்கே இரண்டாவது வழியான ரெசிஸ்டர்தான் மிச்சம். 6 ஓம், 50 வாட் என்று மஞ்சள் உலோகக் கூட்டில் வரும் அது பழைய பல்பு இழுத்த மின்சாரத்தைத் தானே இழுத்துச் சூடாக்கிக் கழிக்கிறது. பற்றரியை மிச்சம் பிடிக்க எல்.ஈ.டி போட்டவருக்கு இதனால் எந்த மிச்சமும் இல்லை. அதோடு அது கையைச் சுடும் அளவுக்குச் சூடாகும், நாலு சிக்னலும் சேர்ந்து துடிக்கும் ஹசார்ட் போட்டுவிட்டு நின்றால் இன்னும் மோசம். பிளாஸ்டிக் மேலே, வயர் கட்டுக்கு மேலே டேப் சுற்றி வைத்ததைக் கண்டிருக்கிறேன், தயவுசெய்து அப்படிச் செய்ய விடாதீர்கள், வெறும் இரும்பில் ஆணி போட்டு இறுக்கச் சொல்லுங்கள்.

ரிலே மாற்றினவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேகமாகத் துடிப்பது ஒரு எச்சரிக்கை, பல்பு போய்விட்டது என்று பல வண்டிகளில் உங்களுக்குச் சொல்லும் ஒரே வழி அதுதான். எல்.ஈ.டி ரிலே போட்டபின் அந்த எச்சரிக்கை போய்விடும், ஒரு பக்கம் செத்துக் கிடந்தாலும் மீற்றரில் ஒழுங்காகத் துடிக்கும். வாரத்துக்கு ஒருமுறை இறங்கிச் சுற்றிப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.

மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு இன்னொரு தலையிடி. மீற்றரில் இடம், வலம் இரண்டுக்கும் ஒரே ஒரு சின்ன லைட் உள்ள பழைய வண்டிகளில் எல்.ஈ.டி போட்டால், ஒரு பக்கம் சிக்னல் போட நாலும் துடிக்கும். அந்த மீற்றர் பல்பு வழியாக மின்சாரம் மற்றப் பக்கத்துக்குப் போய்விடுகிறது, சாதாரண பல்பை எரிக்க அது போதாது, எல்.ஈ.டிக்குப் போதும். மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் டயோட் இரண்டு போட்டால் தீரும், வயரிங் பாஸுக்குச் சொன்னால் தெரியும். நாலும் துடிக்கிற வண்டி எந்தப் பக்கம் போகப்போகிறது என்று யாருக்கும் தெரியாது, வலது பக்கம் திரும்புகிறவர் எதிரே வருகிற வாகனத்தைக் குறுக்கறுத்துத்தான் போகவேண்டும், அதனால் இதை அசட்டை செய்யக் கூடாது.

லொறி, பஸ் பெரும்பாலும் 24 வோல்ட், 12 வோல்ட் பல்பைப் போட்டுவிட்டு "சைனா சாமான்" என்று கடையைத் திட்டவேண்டாம், பெட்டியில் வோல்ட்டைப் பாருங்கள். உழவு இயந்திரப் பெட்டிக்கு லைட்டே இல்லாமல் நெல்லு மூட்டையோடு இரவில் மாங்குளம் முல்லைத்தீவு றோட்டில் போகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு: உங்களுக்கு எல்.ஈ.டியா பல்பா என்ற கேள்வியே வேண்டாம், எதையாவது பூட்டுங்கள். தெருவிளக்கு இல்லாத நீண்ட காட்டு றோட்டில் அந்தப் பெட்டி வெறும் கறுப்புச் சுவர்.

சிக்னலோடு சேர்த்துப் பின் லைட்டையும் மாற்றுகிறவர்கள், பிரேக் பிடிக்காமலும் பிடித்தும் யாரையாவது பின்னால் நிற்க வைத்துப் பாருங்கள். சாதாரண பல்பில் 5 வாட்டுக்கும் 21 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும். மலிவான எல்.ஈ.டிகளில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே எரியும், பின்னால் வருகிறவருக்கு நீங்கள் பிரேக் பிடித்ததே தெரியாது.

மறித்தால் என்ன செய்வது? வாக்குவாதம் வேண்டாம். இறங்கி, சிக்னலைப் போட்டுக் காட்டுங்கள். செம்மஞ்சளாக, ஒழுங்கான வேகத்தில், இரண்டு பக்கமும் தனித்தனியாக எரிந்தால் காட்டுவதற்கு உங்களிடம் ஏதோ இருக்கிறது. குறை சொன்னால் எந்த லைட், என்ன குறை என்று மரியாதையாகக் கேட்டு, தண்டச் சீட்டு எழுதினால் அதில் எழுதிய குற்றத்தை அங்கேயே வாசியுங்கள். பழைய பல்புகளை எறியாமல் ஒரு டப்பாவில் சீற்றுக்குக் கீழே வைத்திருங்கள், ஸ்க்ரூ டிரைவர் ஒன்றும் சேர்த்து, பல வண்டிகளில் இரண்டு நிமிடத்தில் மாற்றிவிடலாம். காப்புறுதிக்காரருக்கும் மாற்றத்தைச் சொல்லி வையுங்கள், விபத்துக்குப் பிறகு சொல்வதைவிட முன்பே சொன்னது உதவும்.

மாற்றி முடித்த அன்று, மத்தியான வெயிலில் ஒருமுறையும் இரவு இருட்டில் ஒருமுறையும், வீட்டில் யாரையாவது ஒரு முப்பது மீற்றர் தள்ளி நிற்க வைத்து, நீங்கள் உள்ளே இருந்து சிக்னலைப் போட்டு எந்தப் பக்கம் என்று கேளுங்கள். நேர் பின்னாலும் கேளுங்கள், மூலையில் நின்றும் கேளுங்கள். அவர் யோசிக்காமல் சொன்னால் அப்படியே விடுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னால் கழற்றிப் பழையதைப் பூட்டுங்கள்.