நடைபாதை நட்சத்திரமும் திருவாதிரையும்

லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஹாலிவுட் பூலவார்டில், கலைஞர்களைக் கௌரவிக்கும் ‘வாக் ஆஃப் ஃபேம்’ நடைபாதையில் பலரும் குனிந்து பார்த்துக்கொண்டேதான் நடப்பார்கள். கல்துகள் கலந்து மெருகேற்றிய கருஞ்சாம்பல் நிற டெராசோ சதுரம். அதன் நடுவில் பித்தளை விளிம்பு கட்டிய இளஞ்சிவப்பு ஐந்துமுனை நட்சத்திரம். உள்ளே பித்தளை எழுத்தில் ஒரு பெயர், பெயருக்குக் கீழே வட்டத்துக்குள் சினிமா கேமராவோ மைக்கோ இசைத்தட்டோ. 1960-இல் பதிக்கத் தொடங்கியவை இன்று 2,700-ஐத் தாண்டிவிட்டன. ஒரு படத்தில் வந்து போனவரோ ஐம்பது ஆண்டு ஆண்டவரோ, மூன்றடிச் சதுரம்தான் எல்லோருக்கும்.

வானத்தில் அப்படி இல்லை. அங்கே ஒரு நட்சத்திரத்துக்கும் இன்னொன்றுக்கும் அளவில் இருக்கும் வித்தியாசம் மனசுக்குள் அடங்காது. அதனால் அந்தச் சதுரத்தையே அளவுகோலாக எடுத்துக்கொள்வோம். சுமார் 90 செ.மீ. அகலமுள்ள அதுதான் சூரியன் என்று வையுங்கள்.

அப்படியானால் பூமி 8 மில்லிமீட்டர் மணி. அது சூரியச் சதுரத்திலிருந்து 97 மீட்டர் தள்ளிக் கிடக்கும். வைன் தெருச் சந்திப்பின் நான்கு மூலைகளிலும் நட்சத்திரத்துக்குப் பதிலாக வட்ட நிலாக்களைப் பதித்து, அப்போலோ 11 வீரர்கள் மூவரின் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். நம் கணக்கில் உண்மையான நிலா 2 மில்லிமீட்டர்தான். அவர்கள் கடந்துபோன தூரம் ஒரு சாண்!

சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரம் பிராக்சிமா சென்டாரி. சின்னது, 14 செ.மீ. இருக்கும். ஆனால் அதைப் பதிக்க இடம் தேடினால் சிக்கல். நம் அளவில் அது ஏறக்குறைய 26,000 கி.மீ. தொலைவில் இருக்க வேண்டும். தரைவழியே உலகின் எந்த மூலைக்குப் போனாலும் 20,000 கி.மீ.க்கு மேல் விலகிப் போக முடியாது. பக்கத்து நட்சத்திரத்துக்கே பூமியில் இடம் போதவில்லை.

பெரிய நட்சத்திரம் வெடித்தபின் மிஞ்சும் இறுகிய மையமான நியூட்ரான் நட்சத்திரம் என்றால் தலைமுடியின் தடிமன்கூட வராது. சரி, பெரியவற்றுக்கு வருவோம். ஓரியன் மண்டலத்தில் சிவந்து மின்னும் திருவாதிரையை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். வானியலில் அதன் பெயர் பீட்டல்ஜூஸ். அதன் குறுக்களவு சூரியனைப் போல் சுமார் 700 மடங்கு. நடைபாதையில் 600 மீட்டரைத் தாண்டும் ஒற்றை நட்சத்திரம் அது. சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் நான்கையும் விழுங்கிவிடும்.

எப்படி இவ்வளவு பெருத்தது? நட்சத்திரம் என்பது ஓயாத இழுபறி. ஈர்ப்பு உள்ளே அமுக்குகிறது, மையத்து அணுச்சேர்க்கையின் வெப்பம் வெளியே தள்ளுகிறது. மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்ததும் மையம் சுருங்கிச் சூடாகிறது. அதைச் சுற்றியுள்ள ஹைட்ரஜன் அடுக்கு முன்னைவிட வேகமாக எரிகிறது. அந்தத் தள்ளலில் வெளி அடுக்குகள் ஊதிப் பெருத்து, ஆறி, சிவக்கின்றன. திருவாதிரையின் நிறை சூரியனைப் போல் இருபது மடங்குக்குள்தான், கன அளவோ முப்பது கோடி மடங்குக்கு மேல். அதனால் சராசரியாகப் பார்த்தால் அது நாம் சுவாசிக்கும் காற்றைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெலிது. அதன் விளிம்பும் தெளிவாக இருக்காது. 700 என்ற எண் ஆய்வுக்கு ஆய்வு கூடிக் குறைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெரியது என்பதை நிறமும் மொத்த ஒளியும் சேர்ந்து காட்டிக்கொடுக்கும். சிவப்பு என்றால் குறைந்த வெப்பம். சூரியப் பரப்பு சுமார் 5,800 கெல்வின், திருவாதிரை சுமார் 3,500. இந்த வெப்பத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரும் சூரியனில் ஏழில் ஒரு பங்கு ஒளியைத்தான் தரும். அப்படியிருந்தும் மொத்தத்தில் பல்லாயிரம் சூரியன்களின் ஒளி வருகிறதென்றால், பரப்பு அத்தனை விரிந்திருக்க வேண்டும்.

ஆனால் நேரடியாக அளந்து பார்ப்பது வேறு விஷயம். இங்கேதான் எனக்குப் பிடித்த கட்டம் வருகிறது. ஒரு நட்சத்திரத்தின் அளவை முதன்முதலில் நேரடியாக அளந்த இடம் அதே லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டி நிற்கும் மவுண்ட் வில்சன் மலை. 1920 டிசம்பரில், அங்கிருந்த 100 அங்குலத் தொலைநோக்கியின் மேல் 6 மீட்டர் நீள எஃகு விட்டம் ஒன்றைப் பொருத்தினார்கள். இயற்பியலாளர் மைக்கேல்சன் வகுத்த முறை அது, கண் வைத்துப் பார்த்தவர்கள் வானியலாளர்கள் பீஸும் ஆண்டர்சனும்.

விட்டத்தில் தள்ளித் தள்ளி இரண்டு கண்ணாடிகள். இரண்டும் பிடித்த ஒளியை ஒன்றாகச் சேர்த்தால் வெளிச்சமும் இருட்டுமாக மெல்லிய வரிகள் தோன்றும். நட்சத்திரம் வெறும் புள்ளியாக இருந்தால் கண்ணாடிகளை எவ்வளவு விலக்கினாலும் வரிகள் அழியாது. வட்டமாக இருந்தால், அதன் இடப்பக்க ஒளி ஒரு வரித்தொகுதியையும் வலப்பக்க ஒளி சற்று நகர்ந்த இன்னொன்றையும் தரும். கண்ணாடிகள் விலக விலக அந்த நகர்வு கூடும். ஒன்றின் வெளிச்சம் மற்றதன் இருட்டில் விழுந்ததும் வரிகள் மறைந்துவிடும்.

திருவாதிரையின் வரிகள் மறைந்தன. கிடைத்த கோண அளவு 0.047 ஆர்க் நொடி (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்குதான் ஓர் ஆர்க் நொடி). ஒரு செ.மீ. அகலமுள்ள பொருளை 44 கி.மீ. தள்ளி வைத்துப் பார்ப்பது போன்றது. அப்போது கண்ணாடிகளுக்கு நடுவே இருந்த தூரம் சுமார் 3 மீட்டர். நடைபாதைச் சதுரங்கள் மூன்றை அடுத்தடுத்து வைத்தால் கிட்டத்தட்ட அதை எட்டிவிடும்.