கிராயினா: கோடு அல்ல, நிலம்

குரோஷியாவின் வரைபடத்தைப் பார்ப்பவர்களுக்கு முதலில் எழும் கேள்வி, இந்த நாடு ஏன் இப்படி வளைந்து கிடக்கிறது என்பதுதான். தலைநகர் ஜாக்ரெப் இருக்கும் வடமேற்கிலிருந்து ஒரு கை கிழக்கே தன்யூப் ஆறு வரை போகிறது. இன்னொரு கை ஏட்ரியாட்டிக் கடலோரமாகத் தென்கிழக்கே டுப்ரோவ்னிக் வரை நீள்கிறது. நடுவில் வயிறு இருக்கவேண்டிய இடத்தில் போஸ்னியா உட்கார்ந்திருக்கிறது. மொத்தப் பரப்பு 56,594 சதுர கி.மீ.தான்; ஆனால் போஸ்னியாவுடன் மட்டும் ஏறக்குறைய 1,000 கி.மீ. எல்லை.

இந்த வளைவுக்குக் காரணம் தேடினால் 'கிராயினா' என்ற சொல்லில் வந்து முட்டிக்கொள்வோம். தமிழில் இதைப் பெரும்பாலும் 'எல்லை' என்று எழுதிவிட்டுப் போகிறோம். 'ராணுவ எல்லை' என்றால் நம் மனத்தில் வருவது முள்வேலியும் காவல் சாவடியும். கிராயினா அதுவல்ல. அது மூன்று நூற்றாண்டுக்கு மேல் மக்கள் குடும்பம் குடும்பமாக வாழ்ந்து, உழுது, சண்டை போட்டு, செத்த ஒரு நிலப்பட்டை.

முதலில் உச்சரிப்பு. லத்தீன் எழுத்தில் எழுதும்போது நடுவில் 'ஜே' வருவதால் கிரஜினா என்று எழுதத் தோன்றும். குரோஷிய மொழியில் அந்த எழுத்துக்கு ஒலி 'ய்'. எனவே கிராயினா.

சொல்லைப் பிரித்தால் 'க்ராய்' என்ற வேர் கிடைக்கும். முடிவு, ஓரம், கோடி என்பன அதன் பொருள்கள். பழைய யூகோஸ்லாவியப் படங்களின் கடைசியில், நம் படங்களில் 'சுபம்' என்று விழுவதுபோல, திரையில் இந்தச் சொல்தான் விழும். இன்னும் பின்னால் போனால் வெட்டுதல் என்ற பொருளுள்ள பழைய ஸ்லாவிய வேருக்கு வந்து சேர்வோம்; குரோஷியாவில் துணி வெட்டித் தைப்பவரை 'குரோயாச்' என்பதும் அந்த வேரிலிருந்துதான். வெட்டிய இடம் ஓரம் ஆகும். அந்த ஓரத்தை ஒட்டிய நிலமும் நாளடைவில் அதே பெயரைப் பெற்றுவிடும்.

ஸ்லாவிய மொழிகள் பலவற்றிலும் இந்த நகர்வு நடந்திருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தூரத்துக்கு. போலந்தில் 'க்ராய்' என்றால் நாடு. செக் மொழியில் மாவட்டம், மாநிலம் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவு. ரஷ்யாவில் ஓரமும் அதுவே, கிராஸ்னோடார் போன்ற பெரிய நிர்வாகப் பிரிவும் அதுவே. உக்ரைன் என்ற பெயரிலும் இந்த வேர்தான் இருக்கிறது. அது 'எல்லைப்புறம்' என்று பொருள்படும் என்பது பரவலான கருத்து. 'நாடு, நிலம்' என்றே பொருள் என்று வாதிடும் உக்ரைனிய அறிஞர்களும் உண்டு. ஓரமா, நாடா என்ற அந்தச் சண்டைக்கு விதை வேரிலேயே இருக்கிறது.

பால்கனில் கிராயினாக்கள் நிறைய. கிழக்கு செர்பியாவில் திமோக் கிராயினா, வடமேற்கு போஸ்னியாவில் பான்யா லூக்காவைச் சுற்றி போஸ்னியக் கிராயினா, குரோஷியக் கடலோரப் பகுதியான டால்மேஷியாவின் உள்பகுதியில் சின்ய், இமோட்ஸ்கி ஊர்களைச் சுற்றிச் சிறு சிறு கிராயினாக்கள். ஆனால் வரலாற்று நூல்களில் அடைமொழியோடு வருவது 'வோய்னா கிராயினா'. வோய்னா என்றால் படை சார்ந்தது. குரோஷியாவின் உருவத்தில் பெரும் பங்கு வகித்தது இதுதான்.

1463இல் போஸ்னியா ஒட்டோமான் துருக்கியரிடம் விழுந்தது. 1493இல் கிர்பாவா சமவெளிப் போரில் குரோஷியப் பிரபுக்களில் பெரும்பகுதியினர் அழிந்தார்கள். 1526இல் மொஹாச் போரில் ஹங்கேரி மன்னரே இறந்துபோனார். குரோஷியாவும் அவர் முடியின் கீழ்தான் இருந்தது. 1527 ஜனவரி 1 அன்று செட்டின் கோட்டையில் கூடிய குரோஷியப் பிரபுக்கள், ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்து ஃபெர்டினாண்டைத் தங்கள் அரசராகத் தேர்ந்தெடுத்தார்கள். பாதுகாப்பு கிடைக்கும் என்ற கணக்கு. கிடைத்த பாதுகாப்புக்கு விலையும் இருந்தது.

நாடு சுருங்கிக்கொண்டே வந்தது. 1537இல் க்ளிஸ் கோட்டை போயிற்று. 1592இல் பிஹாச் போயிற்று. அந்தக் காலத்து லத்தீன் ஆவணங்கள் குரோஷியாவை 'எச்சங்களின் எச்சம்' என்று குறிப்பிடுகின்றன. மிச்சமிருந்த நிலத்தின் ஓரத்தில் ஹாப்ஸ்பர்க்குகள் கோட்டைகளை வரிசையாக நிறுத்தினார்கள். 1578இல் ஆஸ்திரியாவின் உள்மாகாணங்கள் இந்தக் காவலுக்குப் பணம் தர ஒப்புக்கொண்டன. அடுத்த ஆண்டே கூப்பா ஆற்றங்கரையில் ஆறுமுனை நட்சத்திர வடிவில் ஒரு கோட்டை நகரம் எழுந்தது. ஹாப்ஸ்பர்க் இளவரசர் கார்லின் பெயரில் அதற்குக் கார்லோவாட்ஸ் என்று பெயர். வானிலிருந்து எடுத்த படங்களில் அந்த நட்சத்திரம் இன்றைக்கும் தெளிவாகத் தெரியும்.

கோட்டை கட்டினால் போதாது, ஆள் வேண்டுமே. ஒட்டோமான் பக்கத்திலிருந்து தப்பி வந்தவர்களை இந்தப் பட்டையில் குடியமர்த்தினார்கள். விளாக் என்று அழைக்கப்பட்ட இடையர்கள் அவர்களில் அதிகம்; பெரும்பாலும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள், பிற்காலத்தில் செர்பியராகத் தங்களை அடையாளம் கண்டவர்கள். கத்தோலிக்கக் குரோஷியரும் இருந்தார்கள். ஒப்பந்தம் எளிமையானது: நிலம் தருகிறோம், பிரபுவுக்கு அடிமை ஊழியம் செய்யவேண்டாம், கூப்பிட்டால் ஆயுதத்தோடு வரவேண்டும். சாவா, டிராவா ஆறுகளுக்கு இடையே குடியேறியவர்களுக்கு 1630இல் இரண்டாம் ஃபெர்டினாண்ட் இதை எழுத்திலேயே கொடுத்தார். தங்கள் ஊர்த் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையும் அதில் இருந்தது.

குரோஷியப் பிரபுக்களுக்கு இது பிடிக்குமா? தங்கள் நிலம், ஆனால் விளைச்சலில் தங்களுக்குப் பங்கு கிடையாது. தங்கள் சபையான சாபோரின் பேச்சும் அங்கே செல்லாது. முதலில் கிராட்ஸ் நகரத்திலிருந்தும் பிறகு வியன்னாவிலிருந்தும் வந்த படைத்துறைக் கட்டளைதான் சட்டம். ஒரே நாட்டுக்குள் இரண்டு நாடு. இந்த வழக்கு முடிய 1881 ஆயிற்று.

அங்கே வாழ்ந்தவர்களை கிராயிஷ்னிக் என்பார்கள். 'ஸாட்ருகா' என்ற கூட்டுக் குடும்பமாக ஒரே வளாகத்தில் வாழ்வார்கள். ஒருவன் படைக்குப் போனால் மற்றவர்கள் வயலைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதால் அரசே இந்தக் குடும்ப முறையைச் சட்டம் போட்டுக் காத்தது. போர் ஓய்ந்த காலத்திலும் அவர்களுக்கு வேலை ஓயவில்லை. 18ஆம் நூற்றாண்டில் இந்தப் பட்டை முழுவதும் கொள்ளை நோய்த் தடுப்பு வளையமாக மாறியது. ஒட்டோமான் பக்கத்திலிருந்து வரும் ஆளும் சரக்கும் காத்திருப்பு முகாமில் தங்கவேண்டும். நோய் முற்றியிருந்த காலங்களில் 84 நாள் வரைகூட.

இதன் எதிர்ப்பக்கத்தில் ஒட்டோமான்களும் சும்மா இருக்கவில்லை. போஸ்னியாவின் ஓரத்தில் அவர்களும் கேப்டன்களின் கீழ்க் கோட்டைப் பிரிவுகளை வைத்திருந்தார்கள். துருக்கி மொழியில் அந்த நிலத்துக்கு 'செர்ஹத்' என்று பெயர். பாரசீகம் வழியாக வந்த இதே சொல்தான் உருதுவில் 'சர்ஹத்'. கான் அப்துல் கஃபார் கானை வடக்கே 'சர்ஹதி காந்தி' என்றார்கள், தமிழில் 'எல்லை காந்தி' என்றோம். அவருடைய ஊர் இருந்த மாகாணத்தை மட்டும் சரியாக 'வடமேற்கு எல்லைப்புற மாகாணம்' என்று எழுதினோம். பெயரில் விட்ட 'புறம்' மாகாணத்தில் தப்பிப் பிழைத்திருக்கிறது. இது நமக்குப் பின்னால் உதவும்.

நிலப்பட்டை கோடாக மாறத் தொடங்கியது 1699இல், கார்லோவிட்ஸ் உடன்படிக்கையில். தோற்றுப் பின்வாங்கிய ஒட்டோமான்களுக்கும் ஹாப்ஸ்பர்க்குகளுக்கும் நடுவே, ஆணையர்கள் நேரில் போய்க் கல் நட்டு எல்லை குறித்தார்கள். கிழக்கே சாவா ஆறு, மேற்கே ஊனா ஆறு. 1718இல் சாவாவின் தென்கரையிலும் ஒரு பட்டை ஹாப்ஸ்பர்க்குகளுக்குக் கிடைத்தது. 1739இல் அது கைநழுவியது. 1791 சிஸ்டோவா உடன்படிக்கையில் ஊனாவின் மேற்பகுதியில் சில கோட்டைகளும் துண்டு நிலங்களும் வந்து சேர்ந்தன. பிஹாச் மட்டும் திரும்பவே இல்லை. அதைச் சுற்றிய முக்கோணத்தை ஆஸ்திரிய வரைபடங்கள் நெடுங்காலம் 'துருக்கியக் குரோஷியா' என்று குறித்தன. இன்றைய போஸ்னியா மேற்கே மூக்கை நீட்டிக்கொண்டு இருப்பது அங்கேதான்.

கடலோரத்துக் கதை வேறு. டால்மேஷியா வெனிஸின் கையில் இருந்தது. டுப்ரோவ்னிக் தனிக் குடியரசு. 1699க்குப் பிறகு வெனிஸ், ஹாப்ஸ்பர்க், ஒட்டோமான் மூன்று நிலங்களும் க்னின் நகருக்கு அருகே ஒரே புள்ளியில் சந்தித்தன. டுப்ரோவ்னிக்காருக்கு ஒட்டோமான்களைவிட வெனிஸ்காரர்கள் மீதுதான் பயம் அதிகம். ஆகவே தங்கள் நிலத்தின் இரு முனைகளிலும் ஒரு துண்டை ஒட்டோமான்களிடமே கொடுத்து, வெனிஸ் தங்களைத் தொடாதபடி நடுவே வைத்துக்கொண்டார்கள். அப்படிக் கொடுத்த ஒரு துண்டு நேஊம். இன்று அது போஸ்னியாவின் ஒரே கடற்கரை, ஏறக்குறைய 20 கி.மீ. நீளம். குரோஷியாவைத் தரைவழியில் இரண்டாக வெட்டுவதும் அதுதான். 2022 ஜூலையில் திறந்த, 2.4 கி.மீ. நீளமுள்ள பெல்யெஷாட்ஸ் பாலம் அந்தத் துண்டைக் கடல்மேல் சுற்றிக்கொண்டு போகிறது. டுப்ரோவ்னிக் குடியரசு 1808இல் நெப்போலியன் காலத்தில் மறைந்துவிட்டது. அது செய்த ஏற்பாட்டுக்கு முந்நூறு ஆண்டு கழித்து, பெரும்பாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் பாலம் கட்டவேண்டியதாயிற்று.

படைக் கிராயினா 1881இல் குரோஷியா-ஸ்லவோனியாவோடு இணைக்கப்பட்டது. டால்மேஷியா 1918 வரை வியன்னாவின் கீழ்த் தனி மாகாணமாகவே இருந்தது. அதன் பிறகு வந்த கோடுகள் பல: 1939இல் போஸ்னியாவின் பகுதிகளையும் சேர்த்த குரோஷிய பானோவினா என்ற தன்னாட்சி மாகாணம், 1941இல் போஸ்னியா முழுவதையும் விழுங்கிக் கடற்கரையின் பெரும்பங்கை இத்தாலியிடம் கொடுத்த பாசிச அரசு, 1947 உடன்படிக்கையில் இத்தாலியிடமிருந்து இஸ்திரியா. இவற்றில் இன்றைய உருவத்தை முடிவுசெய்தவை, 1945இல் யூகோஸ்லாவியக் குடியரசுகளுக்கு இடையே போட்ட உள்கோடுகள். அவை பெரும்பாலும் பழைய ஹாப்ஸ்பர்க்-ஒட்டோமான் எல்லையைப் பின்பற்றின. யூகோஸ்லாவியா உடைந்தபோது ஐரோப்பிய சமூகம் அமைத்த நடுவர் குழுவான பாதிந்தேர் குழு, 1992 ஜனவரியில் அந்த உள்கோடுகளே சர்வதேச எல்லைகள் என்று கருத்துரைத்தது.

கிராயினா என்ற சொல் உலகச் செய்திகளில் அடிபட்டதும் அப்போதுதான். யூகோஸ்லாவியாவிலிருந்து குரோஷியா பிரிந்ததை ஏற்காத அங்குள்ள செர்பியர்கள் 1991 டிசம்பரில் 'செர்பியக் கிராயினாக் குடியரசு' என்று அறிவித்தார்கள். அதன் தலைநகர் க்னின். ஆனால் க்னின் பழைய படைக் கிராயினாவில் இருந்ததே இல்லை. 1688 முதல் அது வெனிஸின் டால்மேஷியா. வெனிஸும் தன் ஓரத்தில் சிறு கிராயினாக்களை வைத்திருந்தது உண்மைதான். என்றாலும் அரசியலுக்காக ஒரு பெயரை இழுத்து வேறொரு நிலத்தின் மீதும் போர்த்தினார்கள் என்றே நான் படிக்கிறேன். 1995 ஆகஸ்டில் குரோஷியப் படை 'புயல்' நடவடிக்கையில் க்னினைக் கைப்பற்றியது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட செர்பியர்கள் ஊரை விட்டுப் போனார்கள். கிழக்குக் கோடியில் தன்யூபை ஒட்டிய பகுதி ஐ.நா. மேற்பார்வையில் 1998 ஜனவரியில் சண்டையின்றிக் குரோஷியாவிடம் வந்தது. அதனால் குரோஷியாவில் இன்று இந்தச் சொல்லைத் தனியாகச் சொன்னால் சூழல் இறுகும். சின்ய் பக்கத்து ஊர்ப்பெயராகச் சொன்னால் ஒன்றுமில்லை. போஸ்னியாவின் பிஹாச் பகுதியிலோ 'நான் கிராயிஷ்னிக்' என்று பெருமையாகவே சொல்வார்கள்.

சரி, தமிழில் என்ன எழுதுவது?

வெறும் 'எல்லை' போதாது. அது குரோஷிய மொழியின் 'கிரானிட்சா'வுக்குப் பொருந்தும். கிரானிட்சா என்றால் இரண்டு நாட்டைப் பிரிக்கும் கோடு. ஜெர்மன் மொழி எல்லைக்கான தன் சொல்லை ஸ்லாவிய மொழியின் இந்தச் சொல்லிலிருந்துதான் கடன் வாங்கியது. வியன்னா அந்தச் சொல்லைக் கொண்டு கிராயினாவை மொழிபெயர்த்தபோதே நிலம் கோடாகிவிட்டது. நாமும் அதே வழுக்கலில் விழவேண்டியதில்லை.

'க்ராய்' என்ற வேருக்கு நேரான தமிழ் 'கோடி'. தெருக்கோடி, தனுஷ்கோடி என்பதில் உள்ள கோடி. ஆனால் 'கோடிநாடு' என்று எழுதினால் படிப்பவர் பணக்கார நாடு என்று நினைப்பார். 'முனை' என்று யோசித்ததுண்டு. நுனி என்ற பொருளும் போர்முனை என்ற பொருளும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. எனக்குப் பிடித்த சொல், ஆனால் அதில் குடும்பம் நடத்த முடியாது. உழவும் தொழுவமும் இருந்த நிலத்துக்கு முனை ஒட்டாது.

'சீமை' வியப்பான பொருத்தம். வடமொழியில் சீமா என்றால் எல்லை. தமிழுக்கு வந்து எல்லைக்கு உட்பட்ட நிலமாகி, சிவகங்கைச் சீமை என்று நாட்டுப் பகுதியையே குறித்தது. ஓரம் நாடாகும் அதே பயணம். எனவே டால்மேஷிய உள்நாட்டின் சிறு கிராயினாக்களை 'சின்ய்ச் சீமை', 'இமோட்ஸ்கிச் சீமை' என்று தயங்காமல் எழுதலாம். படைக் கிராயினாவுக்கு மட்டும் வேண்டாம். அதில் காவல் என்ற நெடி வரவேண்டும், சீமையில் அது போய்விட்டது.

அதற்கு 'எல்லைப்புறம்'தான் சரி. புறம் என்பது பக்கத்தையும் தருகிறது, பரப்பையும் தருகிறது. வடமேற்கு மாகாணத்தின் பெயரால் ஏற்கெனவே பழகியும் இருக்கிறது. வோய்னா கிராயினா 'படை எல்லைப்புறம்', கிராயிஷ்னிக் 'எல்லைப்புறத்தார்', கிரானிட்சா 'எல்லை'. 1991இன் குடியரசை மட்டும் மொழிபெயர்க்காமல் கிராயினா என்றே விடவேண்டும். அங்கே அது பெயர்ச்சொல், வழக்கும் இன்னும் ஆறவில்லை.

2023 ஜனவரி 1 முதல் குரோஷியா, உள் எல்லைகளில் கடவுச்சீட்டுச் சோதனை இல்லாத ஷெங்கன் வட்டத்துக்குள் வந்தது. சாவாவும் ஊனாவும் இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளி எல்லை. அங்கே நிற்கும் காவலர்களின் துறைக்குப் பெயர் 'கிரானிச்னா போலீசியா'. இதை எல்லைக் காவல் என்று மொழிபெயர்த்தால் தவறில்லை. அவர்கள் அந்த மண்ணில் உழுவதில்லை.