ஆம்பை அணைக்கலாமா, ஓடவே விடலாமா?

அடிக்கடி போட்டு அணைத்தால் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) கெட்டுவிடும், ஓடிக்கொண்டே இருந்தால்தான் நீடிக்கும் என்ற பேச்சு ஆடியோ பிரியர்களிடம் நெடுங்காலமாக உண்டு. அதில் பாதி உண்மை.

சுவிட்சைப் போட்ட நொடியில் காலியாக இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களும் (மின்சாரத்தைச் சேர்த்து வைத்துச் சீராக்குபவை) டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து, வழக்கமான மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கை இழுக்கும். பழைய ஃபியூஸ் போவதும், சுவிட்சின் முனை கருகுவதும் பெரும்பாலும் அந்த நொடியில்தான். இதைத் தணிக்கப் பல ஆம்புகளில் தெர்மிஸ்டர் இருக்கும். குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை சில ஓம். சூடானதும் ஒரு ஓமுக்கும் கீழே இறங்கிவிடும். அணைத்த கையோடு மறுபடி போட்டால் அது இன்னும் சூடாகவே இருக்கும், தடுக்காது. அதனால் இரண்டு நிமிடமாவது விட்டுப் போடுங்கள். சூடாவதும் ஆறுவதுமாகப் பல ஆண்டு போனால், கனமான உறுப்புகளின் கம்பிக்காலைச் சுற்றி சால்டரில் மெல்லிய வளையமாக விரிசல் விழும். இதுவும் உண்மைதான்.

ஆனால் மறுபக்கத்துக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் உறையில் '105 டிகிரி' என்று அச்சிட்டிருக்கும். சாதாரண ரகத்துக்கு அந்த வெப்பத்தில் ஆயுள் 2000 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். வெப்பம் 10 டிகிரி குறையும்போதெல்லாம் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்க் பக்கத்தில் 65 டிகிரியில் நிற்கும் கெப்பாசிட்டருக்கு 32,000 மணி நேரம் வரும். இரவு பகலாக ஓடினால் அது 3 ஆண்டு 8 மாதம். நாளுக்கு 4 மணி நேரம் மட்டும் என்றால் சுமார் 22 ஆண்டு. தோராயக் கணக்குதான், ஆனாலும் ஆம்பை அணைப்பதே மேல் என்பதற்கு இது போதும். பாட்டே ஓடாமல் 50 வாட் இழுக்கும் ஆம்ப், ஒரு நாளில் 1.2 யூனிட் தின்னும். பாட்டு ஓடாதபோதும் நிறைய மின்னோட்டம் இழுக்கும் கிளாஸ் ஏ ரகம் என்றால் இதைவிடப் பல மடங்கு.

வால்வு ஆம்பில் யோசிக்கவே வேண்டாம், அணைத்துவிடுங்கள். அவுட்புட் வால்வு 2000 மணி நேரம் தாங்கும் என்றால், அணைக்காமல் விட்டால் அது வெறும் 83 நாள். ஸ்டாண்ட்பையில் மணிக்கணக்காக விடுவதும் நல்லதல்ல: கேத்தோடு (வால்வுக்குள் எலெக்ட்ரானை உமிழும் முனை) சூடாக இருந்தும் மின்னோட்டம் போகாவிட்டால் அதன் உமிழும் திறன் நாளடைவில் மங்கும். அரை மணி நேர இடைவேளைக்கு மட்டும் ஓட விடலாம்.

ப்ரீஆம்ப் (பவர் ஆம்புக்கு முன்னால் வருவது), டேக் (டிஜிட்டல் சிக்னலை அனலாக் ஆக்கும் DAC) போன்ற சின்னப் பெட்டிகள் சில வாட்தான் இழுக்கும், லேசாகத்தான் சுடும். பகல் முழுக்கப் போட்டு வைத்தால் பெரிய கேடில்லை. சூடேறினால்தான் ஒலி சீராகும் என்பவர்களுக்கும் 20, 30 நிமிடம் போதும்; அதற்காக இரவெல்லாம் ஓட விட வேண்டியதில்லை.

போடும் வரிசையில் பலர் கோட்டை விடுகிறார்கள். முதலில் பிளேயர், பிறகு மிக்சர் அல்லது ப்ரீஆம்ப், கடைசியில் பவர் ஆம்ப். அணைக்கும்போது பவர் ஆம்ப் முதலில். மாற்றிச் செய்தால் முன்னால் உள்ள பெட்டி எழுப்பும் 'டப்' சத்தத்தை ஆம்ப் பெருக்கி நேராக ஸ்பீக்கருக்கு அனுப்பும். கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரின் சுருளில் (காயில்) இருப்பது மயிரிழைக் கம்பிதான்.

ரிமோட்டால் அணைத்தது அணைத்ததாகாது. ரிமோட்டுக்காகக் காத்திருக்கும் சின்ன ஸ்டாண்ட்பை சப்ளை உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும். 'திடீரென்று செத்துப்போச்சு' என்று வரும் ரிசீவர்களில், அந்தச் சின்ன சப்ளையின் கெப்பாசிட்டர் வறண்டு போயிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

இடி மின்னலின்போது சுவிட்ச் காப்பாற்றாது. பிளக்கோடு ஆன்டெனா வயரையும் நெட்வொர்க் கேபிளையும் கழற்றுங்கள்.

மாதக்கணக்கில் மூடிக் கிடப்பதும் கெடுதல்தான். மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் பாடவிடுங்கள்; ரிலே முனைகளில் களிம்பு ஏறாது. ஆண்டுக்கணக்கில் கிடந்த டிரான்ஸ்ஃபார்மர் சப்ளை ஆம்பை நேராக மெயின்ஸில் போடாமல், ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, 60 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்துப் போடுங்கள். பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கினால் பெரும்பாலும் பயமில்லை. மங்காமல் பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள்.