நாய், பூனை உணவு வாங்கும்போது தண்ணீரைக் கழித்துப் பாருங்கள்

கடையின் சொந்தப் பெயரில் வரும் நாய் உணவையோ பூனை உணவையோ எடுக்கும்போது பலருக்கும் கை கொஞ்சம் தயங்கும். விளம்பரத்தில் பார்த்த பெயர் இல்லை, விலையும் குறைவு. வாயில்லா ஜீவனுக்குப் போடுவதில் போய்க் கணக்குப் பார்க்கிறோமே என்று மனசு உறுத்தும். அந்த உறுத்தலை விட்டுவிடலாம். ஸ்டோர் பிராண்டிலும் நல்லது உண்டு, பேர்பெற்ற பிராண்டிலும் சுமாரானது உண்டு. எது எப்படி என்பதைப் பாக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பது பெரும்பாலும் சொல்லிவிடும். அதைப் படிக்க ஒரு சின்னக் கணக்கு மட்டும் தெரிய வேண்டும்.

ஒரு கையில் உலர் உணவுப் பாக்கெட், இன்னொரு கையில் டின் என்று வைத்துக்கொள்வோம். பாக்கெட்டில் புரதம் 26 சதவீதம், ஈரப்பதம் 10 சதவீதம் என்று இருக்கிறது. டின்னில் புரதம் 9 சதவீதம், ஈரப்பதம் 78 சதவீதம். பார்த்தவுடன் பாக்கெட்தான் சத்தானது என்று தோன்றும். தண்ணீரைக் கழியுங்கள். பாக்கெட்டில் 100 கிராமுக்கு 90 கிராம்தான் உணவு. அதில் 26 கிராம் புரதம் என்றால் 29 சதவீதம் வருகிறது. டின்னில் உணவு வெறும் 22 கிராம். அதில் 9 கிராம் என்றால் கிட்டத்தட்ட 41 சதவீதம். கணக்கு தலைகீழாகிவிட்டது. எந்த இரண்டு உணவையும் இப்படி நீர் நீக்கிய எடையில்தான் ஒப்பிட வேண்டும். அமெரிக்காவில் தீவனத் தரங்களை வகுக்கும் ஆஃப்கோ அமைப்பு, வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதம், வளர்ந்த பூனைக்கு 26 சதவீதம் புரதம் வேண்டும் என்று சொல்வதும் இந்த உலர் எடைக் கணக்கில்தான்.

அடுத்து மூலப்பொருள் பட்டியல். எடை அதிகமானது முதலில், குறைவானது கடைசியில் என்பது விதி. ஆனால் அந்த எடை, சமைப்பதற்கு முன் எடுத்த எடை. தண்ணீர் இங்கேயும் விளையாடுகிறது. பச்சைக் கோழி இறைச்சியில் ஏறத்தாழ 70 சதவீதம் நீர். ஒரு கலவையில் 3 கிலோ கோழியும் இரண்டரை கிலோ அரிசியும் போட்டால் பட்டியலில் கோழிதான் முதலில் நிற்கும். வெந்து உலர்ந்து உருண்டையாக வெளியே வரும்போது கோழியில் மிஞ்சுவது 900 கிராம் அளவுதான். அரிசி இரண்டு கிலோவுக்கு மேல் அப்படியே இருக்கும். ‘முதல் பொருள் நிஜக் கோழி’ என்று முன்பக்கம் போட்டிருப்பது பொய்யில்லை, ஆனால் முழுசாகவும் இல்லை.

இதற்கு மாறாக, ‘சிக்கன் மீல்’ என்று போட்டிருந்தால் பலர் முகம் சுளிப்பார்கள். அது கோழியை வேகவைத்து, நீரையும் கொழுப்பில் பெரும்பகுதியையும் எடுத்துவிட்டு அரைத்த பொடி. நீர் ஏற்கெனவே போய்விட்டதால், பட்டியலில் அது இருக்கும் இடத்தை அப்படியே நம்பலாம். இன்ன விலங்கு என்று பெயர் சொல்லியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வெறும் ‘இறைச்சிப் பொடி’ என்பதைவிடக் கோழி, மீன் என்று பெயர் போட்டிருப்பது மேல். அப்புறம், மக்காச்சோள மாவு, மக்காச்சோளத் தவிடு, மக்காச்சோளப் புரதம் என்று ஒரே தானியம் மூன்று பெயரில் பிரிந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். மூன்றையும் கூட்டினால் அதுவே முதலிடத்தில் இருந்திருக்கலாம்.

லேபிளில் உள்ள புரத அளவே ஒரு மறைமுகக் கணக்கு என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. ஆய்வகத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. உணவில் இருக்கும் நைட்ரஜனை அளந்து, அதை 6.25-ஆல் பெருக்குகிறார்கள். புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன் இருக்கும் என்பது அடிப்படை. யோஹான் கெல்டால் என்ற டென்மார்க் வேதியியலாளர் 1883-இல் கொண்டுவந்த முறை இதற்கு வழி திறந்தது. நல்ல முறைதான். ஆனால் நைட்ரஜன் இறைச்சியிலிருந்து வந்ததா, இறகிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது.

அந்த ஓட்டையின் வழியாகத்தான் 2007-இல் பெரிய துயரம் நடந்தது. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில், புரத அளவைக் கூட்டிக் காட்ட மெலமைன் என்ற, உணவே அல்லாத வேதிப்பொருளைக் கலந்திருந்தார்கள். மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். அது, கூடவே கலந்திருந்த சயனூரிக் அமிலம் என்ற இன்னொரு வேதிப்பொருளோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாகி அடைத்துக்கொண்டது. நாய்களும் பூனைகளும் செத்தன. அந்த மார்ச்சில் கனடாவின் மெனு ஃபுட்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 6 கோடி டின்களையும் பைகளையும் திரும்பப் பெற்றது. அதே தொழிற்சாலைகளிலிருந்து விலை கூடிய பிராண்டுகளும் கடைகளின் சொந்த பிராண்டுகளும் சேர்ந்தே வெளியே போயிருந்தன என்பது அப்போதுதான் வாங்குகிறவர்களுக்கு உறைத்தது.

ஒரே ஆலையில் செய்தாலும் உள்ளே இருப்பது ஒன்றாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. கடை கொடுக்கும் செய்முறைப்படி ஆலை செய்து கொடுக்கிறது. சில செய்முறைகள் மாறாதவை; சிலவற்றில் சந்தை விலைக்கு ஏற்பப் பொருட்கள் மாறும். அதனால் பாக்கெட்டில் இருக்கும் எண்ணுக்கு ஒரு போன் போடுவது வீணாகாது. யார் தயாரிக்கிறார்கள், செய்முறையை விலங்கு ஊட்டச்சத்து படித்தவர் வகுத்தாரா, ஒவ்வொரு தொகுதியையும், அதாவது ஒரே தடவையில் தயாரித்த ஒவ்வொரு பேட்சையும், சோதிக்கிறார்களா என்று கேளுங்கள். ஒரு கிலோவுக்கு எத்தனை கலோரி, சராசரியாகக் கால்சியம் எவ்வளவு என்றும் கேளுங்கள். பதில் தெரிந்த நிறுவனம் பதில் சொல்லும். மழுப்பினால் அந்தப் பாக்கெட்டை நான் வாங்க மாட்டேன்.

சரி, எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை, ஒரே ஒரு வரிதான் படிக்க முடியும் என்றால்? ‘முழுமையான, சமச்சீரான உணவு’ என்ற வரியைத் தேடுங்கள். அது இல்லாமல் ‘துணை உணவு’ என்றோ ‘இடையிடையே கொடுக்க’ என்றோ இருந்தால் அதை மட்டுமே போட்டு வளர்க்கக் கூடாது. அந்த வரியிலேயே எந்த விலங்குக்கு, எந்த வயதுக்கு என்றும் இருக்கும். பெரிய இன நாய்க்குட்டிக்கு இது ரொம்ப முக்கியம். கால்சியம் மிஞ்சினால் வேகமாக வளரும் எலும்பு கோணிப்போகும்.

பூனைக்கு நாய் உணவைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். டாரின் என்ற சத்தை நாய் பொதுவாகத் தன் உடலிலேயே செய்துகொள்ளும். பூனையால் போதுமான அளவு செய்ய முடியாது. பித்த உப்பு செய்யவும் அதற்கு டாரின்தான் வேண்டும் என்பதால் தினமும் கொஞ்சம் வெளியேறிக்கொண்டே இருக்கும். உணவில் குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். முன்பு இப்படி இதயம் வீங்கிச் செத்த பூனைகளுக்கு டாரின் குறைவுதான் காரணம் என்று பால் பயன் (Paul Pion) என்ற கால்நடை மருத்துவரும் அவரது குழுவும் 1987-இல் காட்டிய பிறகுதான் பூனை உணவில் டாரின் அளவைக் கூட்டினார்கள். கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளவும் பூனையால் முடியாது.

லேபிள் சொல்லாத ஒன்று, உணவு எவ்வளவு செரிக்கிறது என்பது. அதை வீட்டில்தான் பார்க்க வேண்டும். பழைய உணவோடு புதியதைக் கலந்து, ஏழு முதல் பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள். அதன் பிறகு மலத்தைக் கவனியுங்கள். நன்றாகச் செரிக்கும் உணவென்றால் மலம் அளவில் குறைவாக, கையால் எடுத்தால் உதிராமல் கெட்டியாக இருக்கும். போட்டதில் பாதி வெளியே வருவது போலக் குவிந்தால், புரத எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் உடம்பில் ஒட்டுவது குறைவு. பூனை புது உணவைத் தொடாமலே இரண்டு நாள் கிடந்தால் பிடிவாதம் பிடிக்காதீர்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு, அதிலும் பருத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

வாங்கி வந்த பிறகு பலர் செய்வது, மூட்டையை அவிழ்த்து பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டிவிட்டுப் பையை எறிவது. உலர் உருண்டைகளின் மேல் கடைசியில் கொழுப்பு பூசியிருப்பார்கள். டப்பாவின் அடியில் ஒட்டிய பழைய கொழுப்பு சிக்கு வாடை பிடித்து, புதிதாகக் கொட்டுவதையும் கெடுக்கும். பையோடு அப்படியே டப்பாவுக்குள் வைத்து, வாயை இறுக்கமாக மடித்து மூடுங்கள். தொகுதி எண்ணும் அந்தப் பையில்தான் அச்சாகியிருக்கிறது. 2007-இல் நடந்தது போலத் திரும்பப் பெறும் அறிவிப்பு ஒன்று வந்தால், நம் வீட்டில் இருப்பது அந்தத் தொகுதியா என்று பார்க்க வேறு வழி கிடையாது.