அடீனியம்: விதையா, கட்டிங்கா, ஒட்டா?

நர்சரிக்கு வருபவர்கள், அடி பருத்துப் பூக்கும் அடீனியம் (பாலைவன ரோஜா) பற்றிக் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை நட்டு முடித்த பிறகு வருபவை. "கட்டிங் வைத்தேன், நன்றாகத்தான் வளர்கிறது, அடி மட்டும் குண்டாகவே இல்லையே, என்ன உரம் போடலாம்?" "அடுக்குச் சிவப்புச் செடியில் எடுத்த விதைதான், ஆனால் பூ வெளிறிய ஒற்றையாக வந்திருக்கிறதே?" இந்த இரண்டுக்கும் உரக்கடையில் மருந்து கிடையாது. செடியை எந்த வழியில் பெருக்கினோம் என்பதிலேயே பதில் முடிந்துபோயிருக்கும்.

விதை முளைக்கும்போது வித்திலைகளுக்குக் கீழே ஒரு குட்டித் தண்டு இருக்கிறதே, அதுதான் பின்னால் பருத்து நீரைச் சேர்த்து வைக்கும் அடியாக மாறுகிறது. சில வாரத்து நாற்றிலேயே அது உருண்டு நிற்பதைப் பார்க்கலாம். கிளையை வெட்டி நடும்போது அந்தப் பகுதியே நம் கையில் இல்லை. வேர்கள் வருடக்கணக்கில் ஓரளவு தடிக்கும். ஆனால் நாற்றுக்கு வரும் அந்த இயல்பான தொப்பை வராது. அதற்குப் பதிலாக, தாய்ச் செடியின் பூ அச்சு அசலாகக் கிடைக்கும். விதையில் இது தலைகீழ். அடீனியம் பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. எனவே காயில் இன்னொரு செடியின் பங்கும் இருக்கும். பூ என்ன நிறத்தில் வரும் என்று பூக்கும்வரை சொல்ல முடியாது. அடியும் வேண்டும், பிடித்த பூவும் வேண்டும் என்றால், விதையில் வந்த நாற்றின் மேல் பிடித்த செடியின் கிளையை ஒட்டுக் கட்டுவது ஒன்றே வழி.

இதைத் தெரிந்துகொண்டால் இணையத்தில் விற்கும் விதைப் பொட்டலங்களின் மேல் தானாகவே சந்தேகம் வரும். படத்தில் உள்ள பூவே இந்த விதையில் வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நீல நிற அடீனியம் விதை என்று போட்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம். அப்படி ஒரு நீலம் அடீனியத்தில் இல்லை. படத்தில் நிறத்தை மாற்றியிருப்பார்கள், அவ்வளவுதான்.

சரி, கட்டிங் எடுப்போம். பச்சையாக இருக்கும் இளந்தளிர் வேண்டாம், அது அழுகும். பென்சில் பருமனோ அதற்கு மேலோ உள்ள முற்றிய கிளையில் 10 முதல் 15 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்வது கட்டாயம். வெட்டியதும் பால் வடியும். துடைத்துவிட்டு, இலைகளை நீக்கி, நிழலில் காற்றோட்டமான இடத்தில் வைத்துவிடுங்கள். வெட்டுவாய் தொட்டால் ஒட்டாமல், காய்ந்த தோல் போல ஆக வேண்டும். தண்டின் பருமனைப் பொறுத்து மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் ஆகும். வீட்டுத் தோட்டக்காரர்களுக்குப் பொறுக்காத இடம் இதுதான். "வாடிவிடுமே" என்று அன்றே நட்டுத் தண்ணீரும் ஊற்றிவிடுவார்கள். தண்டுக்குள்ளேயே நீர் இருக்கிறது, வாடாது. ஆறாத காயத்தில் ஈரம் பட்டால்தான் போகும்.

மண்கலவையில் பாதிக்கு மேல் பருமணலோ பெர்லைட்டோ (நீர் தேங்காமல் வடிய உதவும் லேசான வெள்ளைத் துகள்) இருக்கட்டும். லேசான ஈரத்தில் நட்டு, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். வேர் வரும்வரை மேல்மண் காய்ந்தபின் கொஞ்சமாகத் தெளித்தால் போதும். வேர் பிடிக்கச் சில வாரங்கள் ஆகும். தினமும் பிடுங்கிப் பார்க்காதீர்கள். இவ்வளவும் வெயில் காலத்து வேலை. குளிரில் செடி உறங்கும் நிலையில் இருக்கும், அடைமழையில் ஈரம் விடாது, அப்போது வெட்டினால் காயம் சரியாக ஆறாது.

தண்டு மென்மையாகிவிட்டது என்று பதறுபவர்களுக்கு ஒரு விஷயம். தாகத்தால் வந்த மென்மை சுற்றிலும் ஒரே மாதிரி இருக்கும், தோல் சுருங்கியிருக்கும், நீர் விட்டால் சில நாளில் இறுகிவிடும். அழுகல் ஓர் இடத்தில்தான் தொடங்கும். அழுத்தினால் விரல் உள்ளே போகும், நிறம் பழுப்பாகும், நாற்றமும் இருக்கும். அப்போது அழுகிய பகுதியை, நல்ல பகுதி வரும்வரை வெட்டி நீக்க வேண்டியதுதான். வெட்டுமுகம் முழுவதும் வெள்ளையாக இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளி தெரிந்தாலும் அழுகல் உள்ளே இருக்கிறது என்று பொருள். கத்தியைத் துடைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் வெட்டுங்கள்.

விதை வழியில் போக நினைப்பவர்கள் மகரந்தத்தைக் கையால் சேர்ப்பதே நல்லது. பூவின் குழல் தொண்டையில் மகரந்தப் பைகள் ஐந்தும் கூம்பாகக் கூடி நிற்கும், அவற்றின் நுனியில் நூல் போன்ற வால்கள். மகரந்தம் போய்ச் சேர வேண்டிய சூல்முடி அந்தக் கூம்புக்குள் ஒளிந்திருக்கும். மேலே தூரிகையால் தடவினால் ஒன்றும் நடக்காது. இதழை ஒரு பக்கம் கிழித்து, வேறொரு செடியின் மகரந்தம் ஒட்டிய மெல்லிய தூரிகை நுனியைக் கூம்பின் இடுக்கு வழியாக உள்ளே விட வேண்டும். காய் பிடித்தால் இரண்டு கொம்பு போல ஜோடியாக நீளும். முற்றப் பல வாரங்கள் ஆகும். வெடிக்கும் முன் நூலால் கட்டிவிடுங்கள். விதையின் இரு முனையிலும் பஞ்சுக் குஞ்சம் உண்டு, வெடித்தால் காற்றோடு போய்விடும். எடுத்த விதையைப் படுக்க வைத்து லேசாக மண் தூவினால், புதிய விதை வெதுவெதுப்பான நாளில் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். நாள் ஆக ஆக முளைப்புத் திறன் குறையும், சேர்த்து வைக்காதீர்கள்.

ஒட்டு பற்றி இங்கே விரிவாகச் சொல்லப் போவதில்லை, அது பார்த்துப் பழக வேண்டிய கைவேலை. வாங்கி வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் கிளைகளை உடனுக்குடன் கிள்ளுங்கள். அவை நாற்றின் சொந்தக் கிளைகள். விட்டால் மேலே இருப்பதை அமுக்கிவிடும், "என் செடி நிறம் மாறிவிட்டது" என்று அப்புறம் வந்து நிற்பீர்கள்.

கடைசியாக, இதில் யாரும் கவனம் செலுத்தாத விஷயம்: பால். அடீனியம் அரளிக் குடும்பத்துச் செடி. இதயத் துடிப்பைக் குலைக்கும் நச்சு எல்லாப் பாகத்திலும் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் இதன் சாற்றை அம்புமுனையில் தடவி வேட்டையாடியிருக்கிறார்கள். கையுறை போடாமல் வெட்டாதீர்கள், வேலை முடியும்வரை கண்ணைக் கசக்காதீர்கள், கத்தியைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். குறிப்பாக, காய வைத்திருக்கும் கட்டிங்குகள். ஒரு வாரம் திண்ணையிலோ ஜன்னலோரமோ கிடக்கும். தவழும் குழந்தைக்கும் நாய்க்குட்டிக்கும் அது வாயில் வைத்துக் கடிக்கத் தோதான குச்சி. உயரமான தட்டில் வையுங்கள். யாராவது கடித்துவிட்டதாகத் தெரிந்தால் கைவைத்தியம் பார்க்காமல், வாந்தி எடுக்க வைக்காமல், செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எந்தச் செடி என்று மருத்துவருக்குத் தெரிந்தால் சிகிச்சையை வேகமாகத் தொடங்கலாம்.