ஷெகினா: சொல்லும் பொருளும்

தமிழ்க் கிறிஸ்தவ சபைகளில் ‘ஷெக்கினா மகிமை’ என்ற தொடர் பாட்டிலும் ஜெபத்திலும் தாராளமாகப் புழங்குகிறது. கேட்பவர்களில் பலர் அதைக் கண்ணைக் கூசவைக்கும் ஒரு பேரொளி என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் ‘ஷெகினா’ என்ற அந்த எபிரேயச் சொல் கடவுள் மக்களிடையே தங்கியிருப்பதைக் குறிப்பது; அதன் வேரில் ஒளி இல்லை, குடியிருப்புதான் இருக்கிறது.

எபிரேயத்தில் ‘ஷாகன்’ என்றால் தங்கினான், குடியிருந்தான். அதே வேரில் பிறந்த ‘ஷாகேன்’ அயல்வீட்டுக்காரரைக் குறிக்கும். யூதர்களின் பஸ்கா பண்டிகை ஆட்டுக்குட்டியை உண்ண வீட்டில் ஆள் போதாவிட்டால் அயல்வீட்டாரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் யாத்திராகமம் 12:4இல் வருவது இந்தச் சொல்தான். ‘மிஷ்கான்’ என்பதும் இதே குடும்பம்: உறையும் இடம். மோசே பாலைவனத்தில் அமைத்த கூடாரத்துக்கு அதுவே பெயர்.

அந்தக் கூடாரத்துக்கான கட்டளையை யாத்திராகமம் 25:8இல் கூர்ந்து படிக்க வேண்டும். எனக்கு ஒரு பரிசுத்த இடத்தை உண்டாக்குங்கள், நான் ‘அவர்கள் நடுவில்’ வாசம்பண்ணுவேன் என்கிறார் கடவுள். ‘அதன் நடுவில்’ என்று சொல்லவில்லை. யூத உரையாசிரியர்கள் நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டிவரும் நுட்பம் இது. கூடாரத்தின் அமைப்பும் அதற்குப் பொருந்தியே இருக்கிறது. 10 முழ உயரப் பலகைகள் பொன்தகடு போர்த்தியவை. ஆனாலும் கழற்றி மாட்டக்கூடியவை. பலகைகளைச் சுமக்க, கூடாரப் பணி செய்த லேவி கோத்திரத்தின் மெராரி வம்சத்தாருக்கு 4 வண்டிகள். திரைகளைக் கொண்டுபோக கெர்சோன் வம்சத்தாருக்கு 2 வண்டிகள். கட்டளைகள் எழுதிய கற்பலகைகள் இருந்த பெட்டி உள்ளிட்ட பரிசுத்தப் பொருள்களைக் கோகாத் வம்சத்தார் தோளில்தான் சுமக்க வேண்டும். பெட்டியின் வளையங்களில் செருகிய தண்டுகளை எப்போதுமே கழற்றக் கூடாது என்றும் கட்டளை. மக்கள் புறப்பட்டால் அதுவும் உடன் புறப்பட வேண்டும்.

‘ஷெகினா’ என்ற பெயர்ச்சொல்லோ எபிரேய வேதாகமத்தில் ஓரிடத்திலும் இல்லை. அது பின்னர் வந்த ரபிகளின், அதாவது யூத மத ஆசிரியர்களின், வழக்கு. கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை அழித்த பிறகு, கடவுள் எங்கே என்ற கேள்விக்கு இந்தச் சொல்லைக் கொண்டே அவர்கள் விடை சொன்னார்கள். இருவர் அமர்ந்து தோராவை, அதாவது வேதச் சட்டத்தை, பேசினால் அவர்களிடையே ஷெகினா இருக்கிறது என்கிறது ரபிகளின் போதனைத் தொகுப்பான மிஷ்னா. இஸ்ரவேலர் நாடுகடத்தப்பட்ட இடமெல்லாம் ஷெகினாவும் உடன் போனது என்கிறது மிஷ்னாவை விரித்துரைக்கும் தல்மூது. இடிபாடுகளுக்கு நடுவே நின்று இப்படிச் சொல்ல எத்தனை நம்பிக்கை வேண்டும்!

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்திலும் இந்த எண்ணம் தொடர்கிறது. மிஷ்கானை கிரேக்கத்தில் ‘ஸ்கேனே’, அதாவது கூடாரம், என்று பெயர்த்தார்கள். ‘வார்த்தை மாம்சமாகி’ என்று தொடங்கும் யோவான் 1:14இன் வினைச்சொல் அதிலிருந்து வந்தது: நம்மிடையே கூடாரமிட்டார். வெளிப்படுத்தல் 21:3இல் மனிதரிடையே இருப்பதாகச் சொல்லப்படும் கடவுளின் வாசஸ்தலமும் அதே ‘ஸ்கேனே’தான்.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு மிஷ்கானை ‘வாசஸ்தலம்’ என்றது. பொருள் சரி, சொல் வடமொழி. அதே கூடாரத்தின் இன்னொரு பெயரை ‘ஆசரிப்புக் கூடாரம்’ என்றது. எபிரேயத்தில் அது சந்திப்பின் கூடாரம். ‘ஆசரிப்பு’ என்ற சொல்லில் சந்திப்பு தெரிவதில்லை. பிற்கால மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘சந்திப்புக் கூடாரம்’, ‘திரு உறைவிடம்’ என்று திருத்தமாகப் பெயர்த்திருக்கிறது. யோவானில் ‘நம்மிடையே குடிகொண்டார்’ என்கிறது. கோயிலில் தெய்வம் குடிகொண்டிருப்பதாகவே நாம் பேசுகிறோம் என்பதால் அந்த வினை இயல்பாக அமைந்துவிட்டது.

ஷெகினாவுக்கு நான் பரிந்துரைப்பது ‘இறையுறைவு’. ‘வானுறையும் தெய்வம்’ என்று வள்ளுவர் ஆண்ட வினைதான் இது. மிஷ்கானுக்கு ‘உறைவிடம்’ என்றால், ஒரே வேரிலிருந்து வந்த இரண்டு எபிரேயச் சொற்கள் தமிழிலும் ஒரே வேரில் நிற்கும். ஒளியைத்தான் சொல்ல வேண்டுமென்றால் அதற்கு ‘மகிமை’, ‘மாட்சி’ என்ற சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன.