மூன்று வாரத்தில் ஒரு வில்லாளி

இளையோருக்கான ஆங்கில ஃபேன்டஸி நாவல்களை அச்சுக்குப் போகுமுன் படித்துத் திருத்துவது என் தொழில். முதல் பத்துப் பக்கத்திலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். பதினாறு வயது, பெற்றோர் இல்லை, தோளில் ஒரு மச்சம், எப்போதோ யாரோ சொல்லிவைத்த தீர்க்கதரிசனம். கூடவே இரண்டு பையன்கள். அதில் ஒருவன் கட்டாயம் சிடுமூஞ்சி.

இந்த டெம்ப்ளேட்டால் எனக்குத் தொல்லை இல்லை. சாம்பாரும் தினம் வைப்பதுதானே! கணக்கு உதைக்கும்போதுதான் பேனாவை எடுக்கிறேன்.

ஒரு பிரதியில், ரொட்டிக் கடையில் மாவு பிசைந்த பெண் மூன்றே வாரப் பயிற்சியில் அரசனின் வில்லாளிகளைத் தோற்கடிக்கிறாள். மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் 1545இல் மூழ்கி, 1982இல் மேலே தூக்கப்பட்டது. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவில்கள் கிடைத்தன. அவற்றில் பலவற்றை முழுசாக இழுக்க 45 கிலோவுக்கு மேல் விசை வேண்டும். கூடக் கிடைத்த எலும்புக்கூடுகள் சிலவற்றில் தோள்பட்டை எலும்பின் நுனி ஒட்டாமலே இருந்தது. சிறு வயதிலிருந்தே வில் இழுத்ததன் விளைவாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இதைச் சொன்னதும் எழுத்தாளர், "அவள்தான் தேர்ந்தெடுக்கப்பட்டவள் ஆயிற்றே!" என்றார். கதையில் ஓட்டை விழும் இடமெல்லாம் தீர்க்கதரிசனத்தை வைத்து அடைப்பது இப்படித்தான்.

குதிரைகளின் கதை இன்னும் பாவம். 1860இல் அமெரிக்காவில் தொடங்கிய போனி எக்ஸ்பிரஸ் அஞ்சலில் சுமார் 15 முதல் 25 கிலோமீட்டருக்கு ஒரு முறை குதிரையை மாற்றினார்கள். நம் நாவல் குதிரை மூன்று நாள் இரவும் பகலும் ஓடும்; தண்ணீர்கூடக் கேட்காது. அப்புறம் மந்திரம். இரண்டாம் அத்தியாயத்தில் செத்த நாயை எழுப்பியது, பதினெட்டாம் அத்தியாயத்தில் அண்ணன் சாகும்போது யாருக்கும் ஞாபகம் வராது.

அந்த ரொட்டிக்கடைப் பெண்ணிடம் திரும்புவோம். பத்து வருடம் விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டியவள். படைக்கு எத்தனை மூட்டை மாவு போகிறது, எப்போது போகிறது என்று அவளுக்கு அத்துப்படி. அதை அந்த எழுத்தாளர் ஒரு வரியில்கூடப் பயன்படுத்தவில்லை. "வில்லை அவள் கையிலிருந்து வாங்கிவிடுங்கள்" என்று மட்டும் ஓரத்தில் எழுதி அனுப்பினேன்.

திருத்திய பிரதியில், போருக்கு முந்தைய இரவு பாசறையின் அடுப்பு எரியவில்லை. அரசனின் வில்லாளிகள் வெறும் வயிற்றோடு களத்துக்குப் போகிறார்கள்.